பாய்காட்: ஒரு காரியஸ்தரின் பெயர் வினைச்சொல்லான கதை



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சொல். ஆங்கிலச் சொல்தான். ஆனால் ஆங்கிலம் படிக்காதவர் வாயிலும் புழங்குகிற சொல். படம் வெளிவருவதற்கு முன்பே 'பாய்காட் பண்ணுங்கள்' என்று கைப்பேசிக்குச் செய்தி வந்துவிடுகிறது. வக்கீல்கள் கோர்ட்டை பாய்காட் செய்தார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறோம். சாலை போடவில்லை, குடிதண்ணீர் வரவில்லை என்று கறுப்புக்கொடி கட்டிய கிராமத்து எல்லையில் 'தேர்தல் புறக்கணிப்பு' என்று பலகை நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்பவர், 'அந்த ஊரே எலெக்‌ஷனை பாய்காட் பண்ணிட்டாங்க' என்கிறார்.

இந்தப் பாய்காட் யார்? ஆம், 'யார்' என்றுதான் கேட்கிறேன். இது ஒரு மனிதருடைய பெயர். கிரிக்கெட் பார்க்கிற பெரியவர்களுக்கு ஜெஃப்ரி பாய்காட் நினைவுக்கு வருவார். அவர் இல்லை. அவர் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பெயர் வினைச்சொல்லாகி விட்டது.

கதைக்குப் போகும் முன், இந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். வேலைநிறுத்தம் வேறு, அதில் தொழிலாளி தன் உழைப்பை நிறுத்துகிறான். தடை வேறு, அதை அதிகாரத்தில் இருப்பவர் போடுகிறார். பாய்காட் என்பது கூடிப் பேசி விலகுவது. வாங்க மாட்டோம், விற்க மாட்டோம், வேலைக்கு வர மாட்டோம், முகம் கொடுத்துப் பேச மாட்டோம் என்று பலர் சேர்ந்து முடிவெடுப்பது. நான் ஒருவன் ஒரு கடையில் சாமான் வாங்காமல் விட்டால் அது என் விருப்பம். ஊரே கூடி வாங்காமல் விட்டால்தான் பாய்காட். தனி ஒருவரால் செய்யவே முடியாத வினை இது. இலங்கைத் தமிழர்கள் வேலைநிறுத்தத்தையே 'பணிப்பகிஷ்கரிப்பு' என்கிறார்கள். அங்கே இந்த இரண்டு பொருளும் ஒன்றாய்க் கலந்துவிட்டன.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனிதர் பெயரால் வந்த ஆங்கிலச் சொற்கள் பல உண்டு. டீசல் எஞ்சினை ருடால்ஃப் டீசல் உருவாக்கினார், பெயர் வந்தது. சாண்ட்விச் பிரபு ரொட்டிக்கு நடுவே இறைச்சி வைத்துச் சாப்பிட்டார் என்பார்கள், பெயர் வந்தது. செய்தவர் பெயர் செயலுக்கு வருவது உலக வழக்கம். ஆனால் பாய்காட் யாரையும் பாய்காட் செய்யவில்லை. அவருக்குத்தான் அது செய்யப்பட்டது. இலக்கணப்படி சொன்னால், செயப்படுபொருளாக நின்றவரின் பெயரே வினையாகிவிட்டது. செய்தவர்களோ பெயரில்லாத குடியானவர்கள். எழுத்து வாசனைகூட இல்லாதவர்கள் அவர்களில் பலர். அவர்களைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன்.

வாருங்கள், அயர்லாந்துக்குப் போவோம். மேற்குக் கரையோரம் மேயோ என்றொரு மாவட்டம். கல்லும் சதுப்புமான பூமி. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்து முழுவதும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள். மேயோ மிகக் கொடுமையாக அடிபட்டது. நிலம் பிரபுக்களுடையது. உழுகிறவன் குத்தகைக்காரன். குத்தகை பாக்கி விழுந்தால் வீட்டுக் கூரையைப் பிய்த்துத் தெருவில் தள்ளுவார்கள். அப்படித் தள்ளப்பட்ட குடும்பம் ஒன்றில் மைக்கேல் டேவிட் என்றொரு பிள்ளை. வெளியேற்றப்பட்டபோது அவனுக்கு நான்கு வயது. பிழைப்புத் தேடி இங்கிலாந்துக்குப் போன அந்தக் குடும்பத்தின் பிள்ளை, பதினோரு வயதில் பஞ்சாலை இயந்திரத்தில் வலது கையை இழந்தான். அந்த ஒற்றைக் கை மனிதர்தான் பின்னாளில் மேயோவுக்குத் திரும்பிவந்து, குத்தகைக்காரர்களைத் திரட்டினார். 1879 அக்டோபரில் டப்ளினில் நிலச் சங்கம் உருவானது. சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் அதன் தலைவர்.

அதே மேயோவில் மாஸ்க் ஏரிக்கரையில் எர்ன் பிரபுவின் பண்ணை. பிரபு ஊரில் இல்லை. வசூலைப் பார்த்துக்கொண்டவர் காரியஸ்தர் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். 1832இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தவர். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் குடும்பப் பெயர் 'பாய்காட்' என்றுகூட இல்லை. 'பாய்கேட்' என்று இருக்கிறது. 1841இல்தான் குடும்பம் எழுத்தை மாற்றிக்கொண்டது. அந்த ஓர் உயிரெழுத்து மாறாமல் இருந்திருந்தால் இன்று உலகம் வேறு சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும். கொஞ்ச காலம் ராணுவத்தில் இருந்தார், பிறகு விலகினார். 'கேப்டன்' என்ற பட்டம் மட்டும் மரியாதைக்கு ஒட்டிக்கொண்டது.

கொலைகாரரா அவர்? இல்லை. பெரிய கொடுங்கோலரா? அப்படியும் சொல்ல முடியாது. சின்னச் சின்ன அதிகாரங்களில் ஊறிய மனிதர். கதவைத் திறந்துபோட்டால் அபராதம். குத்தகைக்காரன் வீட்டுக் கோழி தன் எல்லைக்குள் வந்தால் அபராதம். ஊருக்கு ஊர் இப்படி ஒருவரை நம் தாத்தாக்களும் பார்த்திருப்பார்கள்.

1879 விளைச்சல் மழையில் நாசமானது. பிரபு குத்தகையில் 10 சதவீதம் தள்ளிக் கொடுத்தார். மறுவருஷம் குடியானவர்கள் 25 சதவீதம் கேட்டார்கள். முடியாது என்றார் பிரபு. பதினொரு குடும்பங்களை வெளியேற்ற நோட்டீஸ் தயாரானது.

அந்தச் சமயத்தில், 1880 செப்டம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை, என்னிஸ் நகரில் பார்னெல் பேசுகிறார். பக்கத்து வீட்டுக்காரனை வெளியேற்றிய நிலத்தை ஏலத்தில் எடுப்பவனை என்ன செய்யலாம் என்று கூட்டத்தைக் கேட்கிறார். 'சுட்டுத் தள்ளு' என்று குரல் வருகிறது. பார்னெல் மறுக்கிறார். அதைவிட நல்ல வழி இருக்கிறது என்கிறார். சாலையில் எதிர்ப்பட்டால் பேசாதீர்கள், கடையில் பார்த்தால் பேசாதீர்கள், சந்தையிலும் கோயிலிலும்கூட அவனைத் தனியே விட்டுவிடுங்கள் என்கிறார். கவனியுங்கள், அவர் சொன்னது நிலத்தை அபகரிக்கிற சக விவசாயியைப் பற்றி. காரியஸ்தரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வழியைத் தங்களுக்கு மேலே இருப்பவர்மீது திருப்பலாம் என்று கண்டுகொண்டவர்கள் மேயோவின் எளிய மக்கள்.

மூன்றே நாள். செப்டம்பர் 22. நோட்டீஸ் சார்வு செய்ய அமீனா புறப்பட்டு வருகிறார், கூடவே பதினேழு போலீஸ். சட்டப்படி நோட்டீஸ் குடும்பத் தலைவர் கையிலோ அவருடைய மனைவி கையிலோ போய்ச் சேர வேண்டும். மூன்று வீட்டில் கொடுத்துவிட்டார். நாலாவது வீட்டில் ஃபிட்ஸ்மாரிஸ் என்ற குடியானவப் பெண் நிற்கிறார். வாங்க மாட்டேன் என்கிறார். உடனே ஒரு சிவப்புத் துணியை எடுத்து உயர்த்தி ஆட்டுகிறார். அதுதான் அடையாளம்! நாலு பக்கமிருந்தும் பெண்கள் ஓடி வருகிறார்கள். கல் பறக்கிறது, சேறு பறக்கிறது, தொழுவத்துச் சாணமும் பறக்கிறது. அமீனாவும் போலீசும் ஓடிப்போய் பாய்காட் வீட்டுக்குள் புகுந்துகொள்கிறார்கள்.

மறுநாள் கூட்டம் பாய்காட் வீட்டு வாசலுக்கே வருகிறது. வேலைக்காரர்களை வெளியே வரச் சொல்கிறது. சிலர் மனதாரப் போனார்கள், சிலர் பயந்து போனார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டு வேலைக்கு ஆள் இல்லை. வயலுக்கு ஆள் இல்லை. கொல்லர் லாடம் அடிக்க மறுத்தார். துணி வெளுக்கிற பெண்மணி வர மறுத்தார். பாலின்ரோப் ஊர்க் கடைகளில் சாமான் கொடுக்கவில்லை. தபால் கொண்டுவரும் பையன் நின்றுவிட்டான். பாய்காட்டின் உறவுக்காரப் பையன் நானே போகிறேன் என்று கிளம்ப, வழியில் மறித்து, இனிமேல் வராதே என்று எச்சரித்து அனுப்பினார்கள். வயலில் தானியம் நிற்கிறது. உருளைக்கிழங்கும் டர்னிப் கிழங்கும் மண்ணுக்குள் கிடக்கின்றன. தோண்ட ஒரு கை இல்லை.

பாய்காட் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குத் தன் நிலையை விவரித்துக் கடிதம் எழுதினார். அக்டோபர் 18 அன்று வெளியானது. அவ்வளவுதான், ஏரிக்கரைத் தகராறு பேரரசின் கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. பாய்காட்டின் ஆதரவாளர்கள் பணம் திரட்டினார்கள். கேவன், மோனகன் மாவட்டங்களிலிருந்து ஐம்பது தொண்டர்கள் அறுவடைக்குப் புறப்பட்டார்கள். ஐம்பது பேருக்குக் காவல் எவ்வளவு தெரியுமா? ராணுவமும் போலீசுமாகக் கிட்டத்தட்ட 1,000 பேர்! நவம்பர் 11 அன்று கிளேர்மாரிஸ் ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். வண்டி பிடிக்கப் பார்த்தார்கள். வண்டி கொடுக்க ஆள் இல்லை. கொட்டும் மழையில் 20 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே பாலின்ரோப் போய்ச் சேர்ந்தார்கள். ஏரிக்கரையில் கூடாரம் அடித்து, குதிரைப்படை சுற்றி நிற்க, இரண்டு வாரம் கிழங்கு தோண்டினார்கள்.

கலவரம் வருமென்று பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். வரவில்லை. நீல் என்ற ஊரின் பங்குச் சாமியார் ஜான் ஓமாலி, யாரும் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாம், ஒரு கல்கூட எறியக் கூடாது என்று மக்களைக் கட்டிவைத்திருந்தார். ஆயிரம் துப்பாக்கி வந்தது. சுடுவதற்கு எதிரி கிடைக்கவில்லை.

கணக்குப் பார்த்தார்கள். தோண்டி எடுத்த விளைச்சலின் மதிப்பு சுமார் 500 பவுண்டு. அதைக் காக்க ஆன செலவு சுமார் 10,000 பவுண்டு. நவம்பர் 27 அன்று பாய்காட் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனார். அப்போதும் வண்டியோட்ட உள்ளூரில் ஒருவரும் வராததால், ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில் ஏறிப் போனார். டப்ளினில் தங்கிய ஹோட்டல்காரருக்கு மிரட்டல் கடிதம் வந்தது. டிசம்பர் முதல் தேதி கப்பலேறி இங்கிலாந்து போய்விட்டார்.

சரி, சொல் எப்படிப் பிறந்தது? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த கட்டம் வருகிறது. ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அப்போது மேயோவில் இருந்தார். ஓமாலி சாமியார் வீட்டில் ஒருநாள் சாப்பாடு. ரெட்பாத் சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருக்கிறார். என்ன விஷயம் என்கிறார் சாமியார். ஒரு சொல் கிடைக்காமல் தவிக்கிறேன் என்கிறார் ரெட்பாத். காரியஸ்தரை ஊர் ஒதுக்கி வைத்ததற்கு என்ன பெயர் கொடுப்பது? ஆங்கிலத்தில் 'ஆஸ்ட்ரசைஸ்' என்ற சொல் இருக்கிறது. பழைய ஏதென்ஸ் நகரத்தார் ஓட்டாஞ்சில்லில் பெயரைக் கீறி வாக்களித்து ஒருவரைப் பத்தாண்டு நாடு கடத்தினார்களே, அந்த ஓட்டுச்சில்லின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. சாமியார் தலையை ஆட்டுகிறார். எங்கள் குடியானவர்களுக்கு அந்தச் சொல் புரியாது என்கிறார். நெற்றியைத் தட்டி யோசித்துவிட்டுக் கேட்கிறார்: அவரை 'பாய்காட் செய்வது' என்றே சொல்லிவிட்டால் என்ன?

ரெட்பாத் தாமே எழுதிவைத்த விவரம் இது. எழுதப் படிக்கத் தெரியாத மனிதருக்கும் வாயில் நிற்க வேண்டும் என்ற கவலையிலிருந்து பிறந்த சொல்! கிரேக்கம் படித்தவர்களுக்காக ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. அது போதாது என்று ஒரு கிராமத்துச் சாமியாருக்குத் தோன்றியதே, அந்த மனசை நான் வணங்குகிறேன்.

1880 அக்டோபரிலேயே ரெட்பாத் அந்தச் சொல்லை அமெரிக்கப் பத்திரிகையில் எழுதிவிட்டார். நவம்பர் 20 அன்று லண்டன் 'டைம்ஸ்' வேறொரு ஊரின் செய்தியில் அதை வினைச்சொல்லாகவே அச்சடித்தது. ஏரிக்கரையில் கிழங்கு தோண்டி முடியவில்லை. அதற்குள் காரியஸ்தரின் பெயர் இன்னொரு மாவட்டத்துக்கு வினையாகப் போய்விட்டது! பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், ரஷ்யர், ஜப்பானியர் எல்லாரும் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1887இல் ஆக்ஸ்போர்டு பேரகராதியின் பகுதி வெளிவந்தபோது சொல் அதில் ஏறியிருந்தது. பாய்காட் அப்போது உயிரோடுதான் இருந்தார், சஃபோக்கில் வேறொரு பண்ணையின் காரியஸ்தராக. 1897 வரை இருந்தார்.

குத்தகைக்காரர்களுக்கு என்ன கிடைத்தது? 1881இல் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த நிலச் சட்டம் நியாயமான குத்தகைக்கும் நிலையான சாகுபடி உரிமைக்கும் வழி செய்தது. பிறகு, 1887இல், அதே அரசு இயந்திரம் அயர்லாந்துக்கென ஒரு குற்றவியல் சட்டம் இயற்றி, கூடிப் பேசி ஒருவருக்கு வேலை செய்ய மறுப்பதையும் கொடுக்கல் வாங்கல் மறுப்பதையும் தண்டனைக்குரிய சதி ஆக்கியது. அகராதி சொல்லை ஏற்ற அதே வருஷம் சட்டம் செயலைத் தடுத்தது.

செயல் பழையது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1791இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வியாபாரத்தை ஒழிக்க மறுத்தபோது, அடிமைகள் விளைவித்த சர்க்கரை வேண்டாமென்று இங்கிலாந்து வீடுகளில் பெண்கள் தேநீரில் சர்க்கரை போடுவதை நிறுத்தினார்கள். சொல் இல்லாமலே நடந்தது. ஆனால் பெயர் கிடைத்த பிறகு அந்தச் செயல் எவ்வளவு வேகமாக ஊர் ஊராகப் பரவியது!

1905 ஆகஸ்ட் 7, கல்கத்தா டவுன் ஹால். வங்கப் பிரிவினையை எதிர்த்து பிரிட்டிஷ் பொருள்களை விலக்கும் தீர்மானம். பத்திரிகைகள் அதற்கு இட்ட பெயர் 'பாய்காட்'. அந்த அலை தூத்துக்குடியைத் தொட்டது. வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908இல் கோரல் மில் தொழிலாளர் போராட்டம் நடந்த நாட்களில், அரசுப் பக்கம் சாய்ந்தவர்களுக்குச் சவரம் செய்ய மாட்டோம், துணி வெளுக்க மாட்டோம் என்று தூத்துக்குடித் தொழிலாளர்கள் மறுத்தார்கள். மேயோவின் கொல்லரும் சலவைப் பெண்ணும் செய்ததை, அவர்கள் பெயரையே கேட்டிராதவர்கள் இங்கே செய்தார்கள். 1931இல் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ், முழுச் சுயராஜ்யம் தராத டொனமூர் அரசியலமைப்பின் தேர்தலையே பகிஷ்கரித்தது. வடக்கின் நான்கு தொகுதிகள் 1934 வரை காலியாகவே கிடந்தன.

இதுவரை கேட்டவர்கள் இது வீரர்களின் சொல் என்று நினைத்திருப்பீர்கள். நண்பர்களே, இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையோடு கேளுங்கள்.

1933 ஏப்ரல் 1. பெர்லினில் யூதர் கடைகளின் வாசலில் நாஜிப் படையினர் நிற்கிறார்கள். கண்ணாடியில் நட்சத்திரம் வரைகிறார்கள். உள்ளே போகாதே என்கிறார்கள். அதற்கும் அவர்கள் இட்ட பெயர் 'பாய்காட்'தான். அரசு அவர்கள் பக்கம், போலீஸ் அவர்கள் பக்கம். உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தவர் மருந்துக் கடைக்காரரும் தையற்காரரும். இதையும் மேயோவையும் ஒரே சொல்லால் குறிக்கலாமா?

இந்தக் கேள்வி அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங்கின் தூக்கத்தையே கெடுத்தது. 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதானார். மான்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகை எழுதியது: வெள்ளையர் குடிமக்கள் கழகங்கள் செய்வதைத்தானே நீங்களும் செய்கிறீர்கள்? உரிமை கேட்ட கறுப்பினத்தவருக்கு வேலை போனது, கடன் நின்றது. அதைச் செய்தவர்கள் அந்தக் கழகத்தார். கிங் இதைத் தள்ளிவிடவில்லை. நாம் செய்வது சரிதானா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். 1958இல் எழுதிய நூலில் அந்த இரவின் குழப்பத்தைச் சொல்கிறார். நாங்கள் பேருந்துக் கம்பெனியை ஒழிக்கப் புறப்படவில்லை, ஒரு தீமைக்குத் தந்த ஒத்துழைப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்ற தெளிவுக்கு வருகிறார். அதன்பின் 'பாய்காட்' என்று சொல்வதையே குறைத்துக்கொண்டார். 381 நாள் மக்கள் நடந்தார்கள். வென்றார்கள்.

நம் நாட்டில் இந்தக் கேள்வியை அதற்கும் முன்பே, அதைவிடக் கூர்மையாக எழுப்பியவர் டாக்டர் அம்பேத்கர். 1927இல் மகாடு குளத்தில் தண்ணீர் எடுத்த தலித் மக்கள்மீது ஊர் பாய்ந்தது. அதே ஆண்டு அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'பகிஷ்க்ருத் பாரத்'. விலக்கி வைக்கப்பட்டவர்களின் பாரதம்! மளிகைக் கடையில் அரிசி இல்லை, வயலில் வேலை இல்லை, நடக்கப் பாதை இல்லை. மேயோவில் பாய்காட்டுக்கு நடந்தது இங்கே தினமும் நடந்தது. ஆனால் மேயோவில் விலக்கப்பட்டவருக்கு ஆயிரம் சிப்பாய்கள் வந்தார்கள், 'டைம்ஸ்' பத்திரிகை இருந்தது, போய்ச் சேர இங்கிலாந்து இருந்தது. இங்கே விலக்கப்பட்டவருக்கு யார் வந்தார்கள்?

அம்பேத்கர் சட்டம் கேட்டார். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அவர் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று, பகிஷ்காரத்தைக் குற்றமாக்க வேண்டும் என்பது. வாசகத்தை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? 1922ஆம் ஆண்டின் பர்மா பாய்காட் எதிர்ப்புச் சட்டத்திலிருந்து! தேசியவாதிகளின் புறக்கணிப்பிலிருந்து தன் ஆதரவாளர்களைக் காத்துக்கொள்ள வெள்ளைக்கார அரசு இயற்றிய சட்டம் அது. ஆள்பவர்கள் தங்கள் ஆட்களுக்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டை எடுத்து, இதே பாதுகாப்பை எங்கள் சேரி மக்களுக்கும் கொடுங்கள் என்று நீட்டினார். எப்பேர்ப்பட்ட வழக்கறிஞர்!

சுதந்திர இந்தியாவில் 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் அந்தச் சொல் முதலில் ஏறியது. பிறகு பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அது சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு என இரண்டையும் தனித்தனியே வரையறுத்தது. அந்த மக்களுக்கு வழக்கமான சேவையை மறுத்தாலோ, மற்றவரிடமிருந்து தனிமைப்படுத்தினாலோ, வேலை தர, வியாபாரம் செய்ய மறுத்தாலோ, அப்படிச் செய்வேன் என்று மிரட்டினாலோ, ஆறு மாதத்துக்குக் குறையாத, ஐந்தாண்டு வரை நீளக்கூடிய சிறையும் அபராதமும் உண்டு.

நம் பக்கத்தில் இதை 'ஊர்க் கட்டுப்பாடு' என்கிறார்கள். கேட்க ஒழுக்கம்போல் இருக்கிறது. கோயில் திருவிழாவில் வடம் தொட்டார் என்பதற்காக ஒரு தலித் குடும்பத்துக்குப் பால் ஊற்றக் கூடாது, டிராக்டர் ஓட்டக் கூடாது, பேசினால் அபராதம் என்று பஞ்சாயத்துக் கூடி முடிவெடுத்தால், அந்த முடிவு கட்டுப்பாடு ஆகாது. சட்டம் பெயர் சொல்லிச் சுட்டும் குற்றம். அங்கே கூடியிருப்பவர்களில் ஒருவர், இந்த அரங்கில் இன்று இருப்பவர்களில் ஒருவராக இருக்கலாம். இருந்தால், எழுந்து நின்று அந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள். அந்தக் குடும்பத்தோடு காவல் நிலையம் வரை போங்கள்.